கிணற்றுப் பக்கம் விழுந்த கோல்

அந்த எருமைக்கு இடது கொம்பு கொஞ்சம் கீழே வளைந்திருந்தது. நெற்றியில் வெள்ளையாக ஒரு சுட்டி. வாயோரம் நுரை. வேலிக்கு அந்தப் பக்கம் வைக்கோல் போரின் அருகில் நின்றுகொண்டு, என்னையே பார்த்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. நானும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு வேறு வேலை இல்லை. எனக்கு வேறு வழி இல்லை.

என் முதுகுக்குப் பின்னால் பத்தடி தள்ளி ஒரு கோல்போஸ்ட். அதற்குப் பின்னால் விழுப்புரத்துக்காரர்களும் செங்கல்பட்டுக்காரர்களும் கோப்பைக்காகக் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் செங்கல்பட்டு அணிக்கு முன்வரிசையில் ஆடுகிறவன் என் சொந்தத் தம்பி. அவன் ஆட்டத்தைப் பார்க்கத்தான் காலையில் ரயிலேறி அறுபது மைலுக்கு மேல் வந்திருந்தேன். ஆனால் திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பிவிடாமல் இருக்க, வலது பக்கம் ஒருவர், இடது பக்கம் ஒருவர், காவல் வேறு.

எழுபதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம். மாம்பூ வாசனை அடித்தது, ஆகவே மாசியாக இருக்கலாம். இதற்கு மேல் துல்லியம் கேட்காதீர்கள். எருமையின் கொம்பு ஞாபகம் இருக்கிறது, வருஷம் ஞாபகம் இல்லை.

பார்த்தாலும் தோல்வி, வராவிட்டாலும் தோல்வி

போன வாரம் இந்தத் தொடரில், நான் கோர்ட் அமீனாவாக வேலைக்குச் சேர்ந்த கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "ஜப்தி வாரண்டோடு போனால் ஜனங்கள் உங்களைத் திட்டமாட்டார்களா?" திட்டாமல் பின்னே, ஆரத்தியா எடுப்பார்கள்? நான் தெருவில் நுழைந்தால் நாய்கூடக் குரைக்காது, மனுஷர்கள் குரைப்பார்கள். ஆனால் அது உத்தியோகத்தோடு வந்த வசவு. சாயங்காலம் சட்டையைக் கழற்றினால் போய்விடும். கால்பந்தில் எனக்குக் கிடைத்த பேர் அப்படிப்பட்டது இல்லை. தோலோடு ஒட்டிக்கொண்டது.

முதலில் ஆறேழு ஆட்டம் நான் எல்லாரையும் போல ஓரத்தில் நின்று பார்த்தேன். எல்லாவற்றிலும் தோற்றோம். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை, ஏனென்றால் எங்கள் அணி அப்படித்தான்.

பிறகு காஞ்சிபுரத்தில் ஓர் ஆட்டம். வெயிலுக்கு நீர்மோரை அளவில்லாமல் குடித்துவிட்டு, பாதி ஆட்டத்தில் ஒரு சுவருக்குப் பின்னால் ஒதுங்கினேன். வேட்டியைச் சரிசெய்வதற்குள் ஒரு கத்தல். தம்பி கோல் போட்டுவிட்டான். முடிச்சுப் போடுவதற்குள் இன்னொரு கத்தல். இரண்டாவது கோல். சந்தோஷத்தில் ஓடிவந்து நின்றேன். நான் நின்ற நேரத்திலிருந்து அவர்கள் மூன்று போட்டார்கள்.

அன்றைக்குக் காதர் பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பஜார் தெருவில் லுங்கி, பனியன் கடை வைத்திருந்தவர் அவர். ரசிகர்களுக்கெல்லாம் தலைவர். ஐந்து வேளை தொழுகிற மனிதர்; ராசி, சகுனம் என்று யாராவது பேசினால் எழுந்து போய்விடுவார். அப்படிப்பட்டவர் என்னிடம் வந்து, "சாலமன், அடுத்த ஆட்டத்துக்கு நீ வராத. இது ராசி இல்லப்பா, அனுபவம்" என்றார்.

அடுத்த ஆட்டத்துக்கு நான் போகவில்லை. நாலு கோலில் தோற்றார்கள்.

சரி, நம் மேல் பழி இல்லை என்று நிம்மதியாக இருந்தேன். பாய் விடவில்லை. அன்று சாயங்காலமே கடையில் கூட்டம் போட்டார். சாலமன் பார்த்தபோது தோற்றோம். வராதபோதும் தோற்றோம். எப்போது கோல் விழுந்தது? காஞ்சிபுரத்தில், அவன் சுவருக்குப் பின்னால் நின்றபோது. அதாவது வந்திருந்தான், ஆனால் பார்க்கவில்லை. "ஆகக்கூடி, வரணும், பாக்கக் கூடாது" என்று தீர்ப்புச் சொன்னார். எங்கள் கோர்ட்டில் இவ்வளவு சீக்கிரம் ஒரு வழக்கு முடிந்து நான் பார்த்ததில்லை.

அரக்கோணத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். ஜெயித்தோம். முடிந்தது என் கதை.

அதன் பிறகு பதினோரு ஆட்டம், ஒன்றிலும் தோற்கவில்லை. எல்லா ஊர் மைதானத்துக்கும் எதிர்ப்புறம் எனக்கு அத்துப்படி. அரக்கோணத்தில் பாதி வெள்ளையடித்த சுவர். காஞ்சிபுரத்தில் சாயம் போட்டுக் காயவைத்த நூல். வாலாஜாபாத்தில் ஒரு சலவைக்கல், அதில் துவைக்கிற ஆள், அவர் என்னைப் பார்த்து "இன்னாபா வேணும்?" என்று ஒன்றரை மணி நேரத்தில் நாலு தடவை கேட்டார்.

தாவீதுக்கு அண்ணன் சாலமன்

என் தம்பி பேர் தாவீது. வேதாகமம் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். தாவீதுக்குப் பிறந்தவன்தான் சாலமன். எங்கள் வீட்டில் மூத்தவன் சாலமன், இளையவன் தாவீது. எங்கள் அப்பா கருங்குழிப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்து, பிறகு ரயில்வேயில் கேங்மேன் ஆனவர். பாதிரியார் கேட்டதற்கு, "சாமி, பேரு ரெண்டும் புடிச்சிது, வரிசை எனக்குத் தெரியாது" என்றாராம்.

ஊரில் எல்லாருக்கும் அவன் தாவு. ஒல்லி. கறுப்பு. கால் இரண்டும் நாரை மாதிரி நீளம். பந்து அவன் காலில் ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். என்பார்கள்தான். நான் பார்த்ததில்லையே! அவன் அடித்த கோல் ஒவ்வொன்றையும் ஊரே எனக்கு நடித்துக் காட்டியிருக்கிறது. டீக்கடையில், சலூனில், கோர்ட் வராந்தாவில். கூடப்பிறந்தவன் நான், ஒன்றுகூடப் பார்த்ததில்லை.

அந்த வருஷம் அவனுக்கு வடக்கே ஓர் இரும்பாலையில் வேலை கிடைத்தது. புதன்கிழமை கிளம்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் இறுதி ஆட்டம். செங்கல்பட்டுக்கு அவன் ஆடப்போகும் கடைசி ஆட்டமும் அதுதான். அவன் கோல் போடுவதை ஒரு தடவையாவது நான் பார்க்க வேண்டுமென்றால், அது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். விட்டால் கிடையாது.

பாயிடம் கேட்டே தீருவது என்று முடிவு செய்துகொண்டுதான் ரயிலேறினேன்.

எஞ்சினுக்கு முதுகு காட்டி

ஆட்டக்காரர்கள் முதல் நாளே போய்விட்டார்கள். நாங்கள் பதினெட்டுப் பேர் காலைப் பாசஞ்சரில். ரயிலிலும் எனக்குச் சட்டம் உண்டு. எஞ்சினுக்கு முதுகு காட்டும் சீட்டில்தான் உட்கார வேண்டும். போகிற ஊரை என் கண் முதலில் பார்த்துவிடக் கூடாதாம். விட்டுவந்த ஊரை எவ்வளவு வேண்டுமானாலும் பார்க்கலாம். அதற்கு இனிமேல் ஆவதற்கு ஒன்றுமில்லை என்று பாய் அபிப்பிராயம்.

எனக்கு எதிரில் பாய், மடியில் கறுப்புக் குடை. பக்கத்தில் ஆறுமுகம். மாமல்லபுரத்தில் சிலை செதுக்குகிறவர், ஆட்டம் என்றால் முதல் பஸ்ஸில் செங்கல்பட்டு வந்துவிடுவார். நகக்கண்ணில் எப்போதும் கல் தூள். பத்து வார்த்தைக்கு ஒரு வார்த்தைதான் பேசுவார். ஜன்னலோரம் சதுரங்கப்பட்டினத்து ராணியம்மா, திண்டிவனத்தில் விற்கக் கருவாட்டுக் கூடையோடு. அவர் எங்கள் கூட்டம் இல்லை. ஆனால் அந்தக் கூடை வைத்த பெட்டியில் எங்களைத் தவிர வேறு யாரும் ஏறவில்லை.

பாலாற்றுப் பாலம் தடதடத்தபோது ஆரம்பித்தேன்.

"பாய், இன்னிக்கு ஒரு நாள். புதன்கெழம அவன் போயிடுவான். ஒரே ஒரு தபா பாத்துக்கறேன்."

"சாலமன், ஒனக்குத் தம்பி. எங்களுக்குக் கோப்ப. எது பெருசு, நீயே சொல்லு."

"தம்பிதான் பெருசு."

"பாத்தியா, நீ நாயமா பேசமாட்டேங்கற."

பின் சீட்டிலிருந்து எல்லாரும் பாய் சொன்னதே சரி என்று கத்தினார்கள். ராணியம்மாவுக்கு விஷயம் புரியவில்லை. என்னவென்று கேட்டார். சொன்னோம். வெற்றிலையை ஜன்னலுக்கு வெளியே துப்பிவிட்டுத் திரும்பினார்.

"யோவ் பாய், இன்னாய்யா பேஜாரு இது? கூடப் பொறந்தவன் ஆடறத கூடப் பொறந்தவன் பாக்கக் கூடாதா? எந்த ஊரு நாயம்?"

"இவன் பாத்தா பந்து உள்ள போவாதும்மா."

"அந்தப் புள்ள கண்ணுல இன்னா பூட்டா கீது, பந்த நிறுத்தறதுக்கு? அறிவு கெட்ட பேச்சு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் எனக்காகப் பேசிய முதல் ஆள். நன்றியோடு அவரைப் பார்த்தேன். ராணியம்மா கூடையைக் காலால் மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, முந்தானையால் மூடினார்.

"தப்பா நெனச்சிக்காத தம்பி. நீ கொஞ்சம் அப்பால பாரு. விக்கப்போற சரக்கு."

மதுராந்தகத்து வடை

மதுராந்தகத்தில் வண்டி நின்றது. பிளாட்பாரத்தின் கோடியில் ஒரு வடைக்காரர். காலையில் யாரும் சாப்பிடவில்லை. பதினெட்டு வயிறும் அவரைக் கூப்பிட்டன. பெரிய தட்டு, மேலே பழுப்பு நிறத்தில் மெதுவடை, ஓரத்தில் சட்னி வாளி. அவர் நடந்து வருகிறார், வருகிறார், இன்னும் நாலு ஜன்னல்தான். பசியில் நான் எட்டிப் பார்த்தேன். நேராக. அவர் முகத்தைப் பார்த்து, "இங்க, இங்க" என்று கையும் ஆட்டினேன்.

அவருடைய செருப்பு வார் அறுந்தது. குனிந்தார். வண்டி நகர்ந்துவிட்டது.

பதினேழு பேர் என்னைப் பார்த்தார்கள். பாய் குடையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்குத்தான் எனக்கே முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது.

சிலைக்குக் கண் திறப்பது

அச்சிறுபாக்கம் தாண்டியபோது ஆறுமுகம் வாயைத் திறந்தார்.

"நாங்க செல முடிச்சாலும் கண்ண மட்டும் விட்டு வெப்போம்" என்றார்.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் இவ்வளவு நீளமாகப் பேசுவது அபூர்வம்.

"நல்ல நேரம் பாத்துக் கடசில கண்ணு தொறப்போம். அப்ப எதிர்ல ஒருத்தனும் நிக்கக் கூடாது. மொத பார்வைக்கு வேகம் ஜாஸ்தி. அதனால எதிர்ல கண்ணாடி காட்டுவோம். வேகம் அதுல எறங்கிடும். அப்பறம் பசு மாட்டக் காட்டுவோம். அப்பறம் யார் வேணா நிக்கலாம்."

"அதுக்கு?" என்றார் பாய்.

"இவனுக்கும் கண்ணாடி குடுங்க. முதுகக் காட்டி ஒக்காந்தே கண்ணாடில ஆட்டம் பாக்கட்டும்."

எங்கள் வீட்டில் விக்கிரகமே கிடையாது. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளையை விக்கிரகம் ஆக்கிவிட்டார்கள். பாய்க்கோ அதைவிடச் சங்கடம். தாடியைச் சொறிந்தபடி ஒலக்கூர் வரை யோசித்தார். பிறகு, "இதயும் அனுபவமாப் பாத்துடலாம்" என்றார்.

அந்தக் காலத்து ரயிலில் சீப்பு, கண்ணாடி, ரிப்பன், ஊக்கு விற்கிறவர் வராமல் இருக்கமாட்டார். வந்தார். உள்ளங்கை அளவு வட்டக் கண்ணாடி ஒன்று வாங்கினோம். சுற்றிலும் தகர விளிம்பு. பின்பக்கம் ரோஜாப்பூ.

திண்டிவனத்தில் பரீட்சை. பிளாட்பாரத்தில் சுண்டல்காரர். நான் அவருக்கு முதுகைக் காட்டி, கண்ணாடியைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்து அவரைப் பார்த்தேன். பதினேழு பேரும் மூச்சு விடவில்லை. சுண்டல்காரர் நேராக எங்கள் ஜன்னலுக்கே வந்தார். கேட்டதைக் கொடுத்தார். கொசுறாக ஒரு கை அள்ளிப் போட்டார். பெட்டியே எழுந்து ஆடியது.

ராணியம்மா அங்கே இறங்கினார். கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஜன்னல் வழியாகச் சொன்னார்: "தம்பி, இவனுங்க சொல்றதக் கேக்காத. திரும்பி நல்லாப் பாத்துட்டு வா. கோப்பய வெச்சி இன்னா, கொழம்பா வெக்கப்போறானுங்க?"

கைக்குள் ஒரு மைதானம்

விழுப்புரத்து மைதானத்தில் கிழக்குக் கோலுக்குப் பின்னால் எனக்கு இடம் போட்டார்கள். வலது பக்கம் பாய், இடது பக்கம் ஆறுமுகம். கோலுக்கு ஒரு பக்கம் கிணறு, மறுபக்கம் புளியமரம். இந்த இரண்டையும் வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளவும். எதிரே, முன்னே சொன்ன எருமை. பசுவைக் காட்டவேண்டிய இடத்தில் எருமையைக் காட்டலாமா என்று பாய் கேட்டார். பால் கொடுக்கிறதெல்லாம் ஒன்றுதான் என்றார் ஆறுமுகம்.

விசில் ஊதினார்கள். கண்ணாடியைத் தூக்கினேன். முதலில் என் காது தெரிந்தது. பிறகு ஆறுமுகத்தின் காது. பிறகு வானம். கொஞ்சம் கீழே இறக்கினால் யாரோ ஒருவரின் முழங்கால். இருபத்திரண்டு பேர் ஆடுகிற ஆட்டத்தில் ஒரு நேரத்தில் ஒரு முழங்காலுக்குத்தான் அதில் இடம் இருந்தது.

ஆனாலும் அவனைப் பார்த்தேன். கண்ணாடியின் ஓரத்தில் சின்னதாக, கட்டைவிரல் நகம் அளவுக்கு, தாவீது ஓடினான். ஒரு காலுறை கீழே இறங்கியிருந்தது. பந்து எங்கேயோ இருந்தது, அவன் அது வரப்போகிற இடத்துக்கு முன்னாலேயே ஓடிப்போய் நின்றான். பந்து வராவிட்டால் திரும்ப ஓடினான். ஊரே எனக்கு அவன் கோல்களை நடித்துக் காட்டியது, இதை ஒருத்தரும் காட்டவில்லை. பந்து இல்லாத நேரத்திலும் அவன் ஓடிக்கொண்டேதான் இருந்தான் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

நன்றாகப் பார்க்க வேண்டுமென்று கண்ணாடியை இப்படியும் அப்படியும் திருப்பினேன். அதுதான் வினை.

மாலை வெயில் என் முதுகுக்குப் பின்னாலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. அது கண்ணாடியில் பட்டு மைதானத்துக்குள் பாய்ந்தது. எங்கள் பின்வரிசைக்காரர் ஒருவர் பந்தைத் துரத்திக்கொண்டு எங்கள் கோலை நோக்கி ஓடிவந்தார். வெளிச்சம் நேராக அவர் கண்ணில். கண்ணை மூடிக்கொண்டு காலை வீசினார். பந்து எங்கள் கோலுக்குள்ளேயே போய் விழுந்தது.

"கண்ணாடியையும் மீறிடுச்சிடா!" என்று பாய் தலையில் அடித்துக்கொண்டார்.

ரெஃப்ரி ஓடிவந்தார். யார் வெளிச்சம் அடிப்பது என்று தேடினார். ஒருத்தன் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி, எருமையைப் பார்த்தபடி, தோளுக்கு மேல் கண்ணாடி பிடித்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

"என்னய்யா பண்றே?"

"ஆட்டம் பாக்கறேன் சார்."

ரெஃப்ரி என்னைப் பார்த்தார், எருமையைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போய்விட்டார். பாவம், அவருக்கும் குடும்பம் இருக்கும்.

அதற்குப் பிறகு பாய் எழுந்து நின்று, வெயில் கண்ணாடியில் படாமல் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டார். என்னை எழுப்பி அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அனுப்பவில்லை.

குடையை மடக்கினார்

பாதி ஆட்டத்தில் பக்கம் மாறினார்கள். இப்போது எங்கள் பையன்கள் என்னை நோக்கி வந்து அடிக்க வேண்டும். ஒரு சமயம் கண்ணாடியில் தூசு படிந்துவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் எங்களுக்கு ஒரு கோல் விழுந்தது. தாவீது தூக்கிக் கொடுத்தானாம், இன்னொருவன் தலையால் தட்டினானாம். எல்லாம் 'னாம்'தான்.

"எப்ப விழுந்துச்சி?" என்று ஆறுமுகத்தைக் கேட்டேன்.

"நீ தொடச்சிகினு இருந்தப்ப."

யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் ஆச்சரியம். நானே எனக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வடை. சுண்டல். சொந்தக் கோலுக்குள் போன பந்து. துடைத்த நேரத்தில் விழுந்த கோல்.

ஆட்டம் முடிய இரண்டு மூன்று நிமிஷம். ஒரே கூச்சல். "பெனால்டி! பெனால்டி!" தாவீதை யாரோ கீழே தள்ளிவிட்டார்கள். அவனே அடிக்கப் போகிறான்.

கண்ணாடியில் அவனைத் தேடிப் பிடித்தேன். பந்தைப் புள்ளியில் வைத்தான். காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

அப்போது பாய் சடாரென்று குடையை மடக்கினார்.

"சாலமன், திரும்பு. கண்ணாடி கிண்ணாடி வேணாம். நேராவே பாத்துக்க. புள்ள புதன்கெழம போறான். கோப்ப கெடக்குது, போ."

பதினோரு ஆட்டம் என் முதுகைத் திருப்பி வைத்த மனிதர் சொல்கிறார். அறுபது மைல் கெஞ்சியது இதற்குத்தான். அவன் கோல் போடுவதை ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான். யாரும் தடுக்கவில்லை. தலையைத் திருப்பினால் போதும்.

என் கழுத்து திரும்பவில்லை.

குடை போனதும் வெயில் கண்ணாடியில் பளீரென்று அடித்தது. நான் அதைக் கவிழ்த்துத் தொடைமேல் வைத்து, மேலே உள்ளங்கையைப் பொத்திக்கொண்டேன். கர்த்தரே, என் கண் அவன்மேல் படவேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன். பாயும் ஆறுமுகமும் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், என்னைக் கவனிக்கவில்லை. நான் எருமையைப் பார்த்தேன்.

எருமையின் இரண்டு காதும் ஒரே சமயத்தில் விறைத்தன. அதுதான் உதை. அப்புறம்தான் எனக்குச் சத்தம் கேட்டது.

கோல்!

பாய் என்மேல் விழுந்தார். ஆறுமுகம் பாய்மேல் விழுந்தார். எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அந்தக் குவியலுக்குள் கையை விட்டு யாரோ என்னை வெளியே இழுத்தார்கள். தாவீது. முகமெல்லாம் புழுதி.

"அண்ணா, பாத்தியா?"

"பாத்தேன்டா!" என்றேன். "கண்ணாடில பாத்தேன். கிணத்துப் பக்கம்! கீப்பர் இந்தாண்ட உழுந்தான், பந்து அந்தாண்ட போச்சு!"

எப்படி என் வாயில் கிணறு வந்தது என்று எனக்குத் தெரியாது. ஏதோ ஒரு பக்கம் சொல்ல வேண்டும் அல்லவா?

அவன் என் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். துடைத்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"ஆமாண்ணா" என்றான். "கிணத்துப் பக்கந்தான்."

கிணறும் புளியமரமும்

திரும்பும் ரயிலில் கோப்பையில் டீ வாங்கிச் சுற்றிவிட்டோம். ஒவ்வொருவரும் அந்தக் கோலை நடித்துக் காட்டினார்கள். என் முறை வந்ததும் நானும் எழுந்து நடித்தேன். பந்தைக் கிணற்றுப் பக்கம் அனுப்பினேன்.

"இன்னாடா ஒளர்ற? புளியமரத்துப் பக்கம் போச்சு" என்றார் பாய்.

பதினாறு பேரும் புளியமரம் என்றார்கள். எனக்கு வியர்த்துவிட்டது. ஆறுமுகம்தான் காப்பாற்றினார்.

"அவன் கண்ணாடில பாத்தான் இல்ல? கண்ணாடில எடது வலது மாறித்தான் தெரியும். அவன் பாத்தது சரிதான்."

அப்படியா, சரிதான் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். கண்ணாடியில் பக்கம் மாறினால் கிணறும் கூடவே மாறாதா என்று ஒருத்தனும் கேட்கவில்லை. மாறாக, நான் தப்பாகச் சொன்னதே நான் பார்த்ததற்குச் சாட்சி ஆகிவிட்டது. சாலமன் கண்ணாடியில் பார்த்தால் கோல் விழும் என்று அன்றைக்குச் சட்டம் திருத்தப்பட்டது. தாவீது மட்டும் கம்பியில் தலை சாய்த்து மதுராந்தகம் ஏரியைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

புதன்கிழமை போனான். முப்பது வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்தான். லீவுக்கு வரும்போதெல்லாம் அவன் பெண்டாட்டிக்கும் பிள்ளைகளுக்கும் அந்தக் கோலை நான்தான் சொல்வேன். கிணற்றுப் பக்கம் என்றே சொல்வேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது தெரிய ஆரம்பித்தது. கிணற்றின் ராட்டினம்கூடத் தெரிந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருப்பான்.

ஓய்வு பெற்று இப்போது ஊரப்பாக்கத்தில் இருக்கிறான். போன வாரம் அவனுக்குப் போன் பண்ணினேன். இதை எழுதுவதற்கு முன் அவனிடம் ஒப்புக்கொள்ளாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

"தாவு, அந்த விழுப்புரம் கோல நான் பாக்கலடா."

"தெரியும்ணா."

"எப்புட்றா தெரியும்?"

"பந்த வெச்சிட்டு நிமிந்தேன். பாய் குடைய மடக்கினாரு. உன் தோளுக்கு மேல பளிச்சினு வெளிச்சம் அடிச்சிது. அடுத்த நிமிஷம் அணைஞ்சிடுச்சி. நீ கண்ணாடிய கவுத்துட்டன்னு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சிகினு எதுக்குடா பாத்தியான்னு கேட்ட? எதுக்குக் கிணத்துப் பக்கம்னு ஒத்துகின?"

"நீ பாக்காம இருந்தது எனக்காகத்தானே? அப்ப நீ எந்தப் பக்கம்னு சொல்றியோ, அந்தப் பக்கந்தான்."

அவனே தொடர்ந்தான்.

"ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. அந்த வெளிச்சம் இருந்தவரைக்கும் எனக்குக் கால் நடுங்கிகினே இருந்திச்சி. அணைஞ்சதும்தான் நின்னுச்சி."

"அடப்பாவி! நீயுமாடா நம்புன?"

"அண்ணா," என்றான், "பதினோரு ஆட்டம்ணா."

எனக்கு வந்த கோபத்துக்குப் போனை வைத்திருப்பேன். ஆனால் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பக்கம் அவனும் சிரித்தான். இருமல் வரும்வரை சிரித்தோம். பிறகு சொன்னான், அவன் பேத்தி இப்போது பள்ளிக்கூடத்து அணியில் ஆடுகிறாளாம். முன்வரிசையாம். காலுறை ஒன்று எப்போதும் கீழேதான் இருக்குமாம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்.

"நீ வாண்ணா."

"வரேன். எங்கடா ஒக்காரணும்?"

கொஞ்சம் யோசித்தான்.

"கோலுக்குப் பின்னாடிதான்ணா. பயப்படாத, நானும் ஒன் பக்கத்துல திரும்பி ஒக்காந்துக்கறேன்."